சபையில் ஒரு கதிரை

தனியார் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருப்பது என்றால், தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கும் ஒருநாளும் பார்க்காத நிர்வாகிகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவது. உங்களில் யாராவது ஒரு நிர்வாக சபையின் கீழ் வேலை பார்த்து நொந்தவர்கள் என்றால் பக்கத்தில் வந்து இருங்கள். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் வன்னியில், நெடுங்கேணியில் இருந்து காட்டுப் பக்கமாகப் போகிற பாதையில் இருக்கிறது. சண்டை முடிந்த பிறகு, வெளிநாடுகளில் இருக்கும் இந்த ஊரவர்கள் சேர்ந்து கட்டியது. தரம் ஒன்றில் இருந்து ஒன்பது வரை வகுப்புகள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னைப் பிடித்து வந்து அதிபர் ஆக்கினார்கள். சபைத் தலைவர் ரொறன்ரோவில், செயலாளர் லண்டனில். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என் கைத்தொலைபேசியில்.

ஆனையும் ரையும்

பள்ளிக்கூடத்தின் பின்வேலியை யானை முறித்துப் போட்டது. படம் எடுத்து, புது வேலி வேண்டும் என்று சபைக்கு அனுப்பினேன். தலைவர் படத்தைக் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் கண்ணில் பட்டது வேலி அல்ல, வேலியடியில் நின்ற பிள்ளைகளின் வெறுங்கழுத்து. கொஞ்ச நாளில் ஒரு பெட்டி நிறைய ரை, சீருடையோடு கட்டுகிற கழுத்துப்பட்டி, வந்து இறங்கியது. தன் பேரப்பிள்ளைகள் போடுவதை இந்தப் பிள்ளைகளும் போடட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். நல்ல மனுசன், கோபிக்கவும் மனம் வரவில்லை.

எங்கள் காவலாளி பெட்டியைப் பிரித்து, ஒன்றைத் தூக்கித் தன் சட்டைக்கு மேல் பிடித்துப் பார்த்தார். "ரீச்சர், அடுத்தமுறை ஆனை வரேக்க இதைக் கட்டிக்கொண்டு முன்னுக்குப் போய் நிக்கட்டோ?"

நியமனம்

எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஓர் இளம் ஆசிரியை இருந்தா. வாழைத் தண்டையும் பழைய போத்தல்களையும் வைத்துக்கொண்டே ஒரு முழுப் பாடத்தையும் நடத்தி முடிப்பா. தனியார் பள்ளிக்கூடத்தில் நல்ல ஆசிரியர் என்பவர் அரசாங்க நியமனம் வரும்வரை எங்களிடம் தங்கிப் போகிறவர். அவவுக்கும் வந்தது, பளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. நல்ல செய்திதான். எனக்குத்தான் இனி விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை.

கைகொடுத்து, சந்தோசமாகப் போய் வாங்கோ என்றேன். அவ கையை விடவில்லை. "வாழ்த்தாதேங்கோ ரீச்சர், நல்லா ஏசுங்கோ. ஏசினால் எனக்குப் போறது லேசாயிருக்கும்."

எங்கட பிள்ளையள்

விஞ்ஞானம் போனதும் வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளை வவுனியாவுக்கு மாற்றினார்கள். ஆறாம் தரத்துக்கு மேல் வகுப்புகள் மெலிந்தன. அவற்றை மூடினால் என்ன என்ற கதை சபையில் தொடங்கியது.

நான் உண்மையாகவே பயந்தேன். மூடினால் மிச்சப் பிள்ளைகள் நெடுங்கேணிக்குப் பஸ்ஸில் போகவேண்டும். அந்த பஸ் திரும்பி வரும்போது இருண்டுவிடும், வழியெல்லாம் யானை. பொம்பிளைப் பிள்ளைகளைத் தாய்மார் மறித்துவிடுவார்கள். அவர்களுக்குப் படிப்பு அத்தோடு சரி. இதை நான் சொல்லி முடிக்கும் மட்டும் செயலாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "அதுசரி ரீச்சர், இதில எங்கட ஊர்ப் பிள்ளையள் எத்தினை பேர்?"

எல்லாரும் இந்த ஊர்தானே என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கலவரங்களில் தேயிலைத் தோட்டங்களை விட்டுத் துரத்தப்பட்டு வந்து, இங்கே காடு வெட்டி வயலாக்கிய மலையகத்துக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்புகளில் அநேகம். பெற்றோரே இந்த மண்ணில் பிறந்தவர்கள். செயலாளர் குரலைத் தணித்து, ஏதோ இரகசியம் போலச் சொன்னார்: "பிழையா விளங்காதேங்கோ ரீச்சர். காசு தாற சனம் கேக்குது, அதுதான்."

யாப்பு

லோகேஸ்வரி பெற்றோர் சங்கத்தின் தலைவி, அந்த மலையகக் குடும்பங்களில் பிறந்தவ. உழவு இயந்திரம் தானே ஓட்டி வயல் செய்கிறவ. மூத்த மகள் எங்களிடம் எட்டாம் தரம். எங்கள் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிற சபையில் எங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும் என்று வந்து கேட்டா. நியாயம்தானே என்று நானும் எழுதினேன். பதில் உடனே வந்தது. ஊரைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் மட்டுமே சபையில் இருக்கலாம், சபையின் சட்டதிட்டமான யாப்பு அப்படி. வேண்டுமானால் பார்வையாளராக இருந்து கேட்கலாம், பேச முடியாது.

இதை அவவிடம் எப்படியோ சொன்னேன். லோகேஸ்வரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. "பரவாயில்ல டீச்சர். பாத்துக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தா அவங்களுக்கு மூடுறதுக்குக் கூச்சமா இருக்கும்ல."

ஞாயிறு பின்னேரம்

கூட்டத்தன்று அவ கோயிலுக்குப் போகிற சேலை கட்டி, நேரத்தோடு வந்துவிட்டா. மேசையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, இருவரும் ஒரே திரைக்குள் தெரியும்படி கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டோம். சபையினர் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். பிறகு பேசினார்கள். ஒருவரும் கூச்சப்படவில்லை. இடையில் லோகேஸ்வரி கையை உயர்த்தினா. பார்வையாளர் என்று செயலாளர் ஞாபகப்படுத்தினார். அவ கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டா. நான் எதிர்த்துப் பேசினேன், கெஞ்சினேன். எனக்கும் வாக்கு இல்லை. தை மாதத்தில் இருந்து ஆறாம் தரத்துக்கு மேல் வகுப்பு இல்லை என்று முடிவானது.

தலைவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஊரை நினைத்தால் நித்திரை வருவதில்லை என்றார். கூட்டம் கலைகிற நேரம், "ரீச்சர், எங்கட சந்தியில ஒரு பாலைமரம் நிண்டது. சண்டைக்குத் தப்பி இப்பவும் நிக்குதோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்து லோகேஸ்வரிதான் பதில் சொன்னா.

"நிக்குதுங்க ஐயா. தை மாசத்தில இருந்து எங்க புள்ளைங்க பஸ்ஸுக்கு அதுக்குக் கீழதான் நிக்கணும்."

அந்தப் பக்கம் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையை விட்டுப் போயின. பார்வையாளர் பேசுவதைப் பதிய யாப்பில் இடமில்லாததால், முடிவு ஏகமனதாக எடுக்கப்பட்டது என்றுதான் கூட்ட அறிக்கையில் எழுதினேன், எங்கள் தொழிலில் இதற்கு நல்ல நிர்வாகம் என்று பெயர்.