போஸான் மேஸ்திரியின் மூக்கு

போஸான் மேஸ்திரி முகர்ந்து பார்த்துத் தலையசைக்காத இறைச்சியை எங்கள் கூட்டத்தில் யாரும் பச்சையாக வாயில் வைத்ததில்லை. இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

நாங்கள் பதினொரு பேர். துருக்கியின் உர்ஃபா ஊரில் கோட்டைக்குக் கீழே இருக்கும் தெருக்களில் பிறந்து, அங்கேயே முடி நரைத்தவர்கள். குளிர்காலம் வந்துவிட்டால் வாரம் ஒருவர் வீட்டில் முறை வைத்துக் கூடுவோம். பாட்டும் வம்பும் தேநீருமாகப் பொழுது போகும். எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய தாம்பாளம் ஒன்று இருக்கும். கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற தபால்காரர் ரெம்ஸி. தாம்பாளத்துக்குத் தலைவர் போஸான். பிழைப்புக்குச் சுவர் பூசுகிறவர். நான் மாஹிர், முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன்.

யார் வீட்டு முறையோ அவர் நரம்பும் கொழுப்பும் இல்லாத தொடைக்கறியை வாங்கி, கொத்தி, விழுதாக அரைத்து வைத்திருப்பார். போஸான் வந்ததும் முதல் வேலையாகக் காகிதத்தைப் பிரிப்பார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை அருகே கொண்டுபோவார். அறையில் பேச்சு நின்றுவிடும். அவர் தலையசைத்த பிறகுதான் சட்டைக் கையை மடித்துவிடுவார். வெங்காயம், பூண்டு, எங்கள் ஊர்க் கருஞ்சிவப்பு மிளகாய்த் தூள், மிளகாய் விழுது, இவற்றோடு பொடிக் கோதுமை நொய்யைப் போட்டு உள்ளங்கையின் அடியால் தேய்க்கத் தொடங்குவார். நொய் ஊறி இளகியதும் இறைச்சி. கையின் சூடு கறியில் ஏறாமல் இருக்க நடுநடுவே பனிக்கட்டித் துண்டு. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நெருப்பு தொடாத பண்டம் இது. அடுப்பு செய்ய வேண்டிய வேலையை மிளகாயும் கையும் செய்தாக வேண்டும். கடைசியில் கைப்பிடிக்குள் அழுத்தி, நாலு விரலும் பதிய உருட்டி அடுக்குவார். கீரை இலையில் சுற்றி, எலுமிச்சை பிழிந்து, மோரோடு தின்போம்.

ஒரே ஒரு முறை அவர் தலையசைக்கவில்லை. லாரி ஓட்டும் வேதாத் வீட்டில். காகிதத்தைத் திரும்ப மடித்து, "இதை வறுத்துக்கலாம்" என்றார். அன்று விருந்துக்கு வந்திருந்த மாமனார் முன்னால் வேதாத்துக்கு முகம் செத்துவிட்டது. வறுக்கும்போதுதான் அந்தக் கறியின் வாடை எல்லோருக்கும் தெரிந்தது. போஸான் சொன்னது சரி என்று தெரிந்த பிறகும் வேதாத்தின் மனத்தில் அந்த முள் கிடந்தது.

போஸானுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி நெஸிமே போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். சமையல், துணி துவைப்பது எல்லாம் அவரே. தனியாக இருக்கிறோமே என்று அவர் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. வாரத்தில் ஒரு நாள் பத்துப் பேர் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் போதுமாக இருந்தது என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் மார்ச் மாதம் ஒரு புது வீட்டின் வெளிச்சுவரைப் பூசிக்கொண்டிருந்தபோது சாரத்திலிருந்து மல்லாந்து விழுந்தார். பின்மண்டையில் அடி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். நாங்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். தலையில் கட்டோடு உட்கார்ந்து, சாந்து வாளி உடையாமல் தான் மட்டும் உடைந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். ஒரு மாதத்தில் வேலைக்குப் போய்விட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்பினோம்.

நவம்பரில் கூட்டம் தொடங்கியது. முதல் முறை ரெம்ஸி வீட்டில். போஸான் வந்தார், உட்கார்ந்தார், மணிக்கட்டு வலிக்கிறது என்றார். அன்றைக்குக் கறியை வேகவைத்துத் தின்றோம். அடுத்த வாரமும் மணிக்கட்டு. அதற்கடுத்த வாரம் தோள். ஆனால் பகலில் அவர் சிமெண்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைத் தெருவே பார்த்தது. நாலாவது வாரம் வேதாத் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே பிசைந்தான். நொய் பல்லில் நறநறவென்று அரைபட்டது. போஸான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எடுக்காததை வேதாத் கவனித்துவிட்டான். வயிறு சரியில்லையா, இல்லை நம் கை அவருக்கு ஆகாதா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஒரு சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். போஸான் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நுரையைப் பூசிக்கொண்டே நான் சொன்னேன்: "சாந்து பூசும்போது வலிக்காத கை, நமக்குப் பிசையும்போது மட்டும் வலிக்குது. கைக்கும் ஆள் தெரியும்போல."

கடை முழுக்கச் சிரித்தது. கண்ணாடியில் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. எப்போதாவது தெருவில் பார்த்தால் தாடையில் கத்தி பட்ட கீறல் இருக்கும். கூட்டத்துக்கு வருவதும் நின்றது. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று ரெம்ஸி இரண்டு முறை சொன்னார். வர வேண்டும் என்றால் வருவார், வழி தெரியாதா என்றோம்.

இப்போது யோசித்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் விழுந்த வருடத்துக் கோடையில் வழக்கமான ஓடிகோலன் கிடைக்காமல் மலிவு சரக்கு ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். சவரம் முடிந்து கன்னத்தில் தடவினால் மண்ணெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று வந்தவர்களெல்லாம் திட்டினார்கள். முகர்ந்தே எலுமிச்சை எந்த ஊர் என்று சொல்லக்கூடிய போஸான் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் பிற்பகல். மேல்வீட்டு ஷெம்ஸே கடைக்குப் போய்விட்டுப் படியேறும்போது மாடிப்படி முழுக்க எரிவாயு நெடி. போஸான் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்திருக்கிறாள். அவர் நிதானமாக வந்து கதவைத் திறந்தார். வாயில் பற்றவைக்காத சிகரெட். கையில் லைட்டர்.

ஷெம்ஸே அந்த லைட்டரைத் தட்டிவிட்டாள். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால், தேநீர்க் கெண்டி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடந்தது. சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து படியில் உட்கார வைத்தாள். குளிரில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, உங்களுக்கு வாடையே தெரியலையா?"

"என்ன வாடை, தங்கச்சி?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"விழுந்ததுலேருந்து."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். ஷெம்ஸே தலையாட்டினாள். ஆனால் அன்று மாலையே கணவனிடம் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் அவள் குழந்தைகளும் இருக்கின்றன அல்லவா. அவள் கணவன் என் கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறான். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. உள்ளே வரச் சொன்னார். சமையல் மேடையில் சின்னத் தாம்பாளம் ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் மிளகாய் விழுது, நொய், உரித்த பூண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தனியாகப் பிசைந்து பார்ப்பாராம். ஒரு பிடி கறி, ஒரு பிடி நொய். கை பழகிய வேலையைச் செய்துகொண்டே இருந்தால் என்றைக்காவது மூக்கும் எழுந்து வரும் என்று நம்பியிருக்கிறார். பிசைந்து முடித்ததும் எண்ணெயில் பொரித்துத் தெருப் பூனைகளுக்குப் போட்டுவிடுவார். நரம்பு அறுந்திருந்தால் வாசனை திரும்ப வராது, கசங்கியிருந்தால் வரலாம், ஒரு வருடம் பொறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? பரவால்ல, நீ பிசைண்ணே, நாங்க தின்னுக்கறோம்னு சொல்லியிருப்பீங்க." தேநீரை எனக்கு ஊற்றினார். "நானும் பிசைஞ்சிருப்பேன், மாஹிர். எனக்கு என்னைப் பத்தித் தெரியும். பதினொரு குடும்பம். பச்சைக் கறி."

கடையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதை விடு என்று கையை ஆட்டினார். உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் நாக்கை எரிக்கிறது, மற்றபடி தின்பதெல்லாம் ஈர அட்டைதான் என்றார். அதுகூடப் பழகிவிட்டதாம். பிறகு எழுந்துபோய்ப் படுக்கையறை அலமாரிக் கதவை ஒரு தடவை திறந்து மூடினார். அங்கிருந்தே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நெஸிமேவோட தலைத்துணி ரெண்டு இதுக்குள்ள வெச்சிருந்தேன். துவைக்கவே இல்ல. மனசு கேக்காதப்போ எடுத்து மோந்து பார்ப்பேன். இப்ப வெறும் துணி."

தேநீரைக் குடித்தேன்.

கிளம்பும்போது, முகர்ந்து பார்க்க எங்களுக்கு மூக்கு இருக்கிறது, பிசைய உங்களுக்குக் கை இருக்கிறது, இந்த வாரம் வாருங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

வந்தார். ரெம்ஸி வீடு. நான் எல்லோரிடமும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். ரெம்ஸி காகிதத்தைப் பிரித்து முகர்ந்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார், ஆனால் குரலில் உறுதி இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவர் முகர்ந்து அடுத்தவரிடம் கொடுத்தார். பத்து மூக்கும் ஒவ்வொன்றாக அந்தக் கறியின் மேல் குனிந்தன. கடைசி ஆள் வேதாத். நீண்ட நேரம் வைத்திருந்தான்.

"நல்ல கறி, அண்ணே. என் வீட்டுக் கறி மாதிரி இல்ல."

போஸான்தான் முதலில் சிரித்தார்.

ஒரு மணி நேரம் பிசைந்தார். கை எதையும் மறக்கவில்லை. எப்போது பனிக்கட்டி, எப்போது கறி, எப்போது போதும் என்பது எல்லாம் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. மிளகாய்த் தூளை மட்டும் என்னிடம் காட்டிக் காட்டிப் போட்டார். உருட்டி அடுக்கியதும் எடுத்துத் தின்றோம். ஏறக்குறைய ஒரு வருடமாக எங்களுக்குக் கிடைக்காத ருசி. வேதாத் கண்ணில் நீர் வழிய ஏழெட்டை உள்ளே தள்ளிவிட்டு, போஸானின் தோளில் ஒரு தட்டு தட்டினான். அவ்வளவுதான் அவனுடைய மன்னிப்பு. அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

போஸானும் ஒன்றை இலையில் சுற்றி வாயில் போட்டு மென்றார். எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே மென்றார். ஒருவர் மாற்றி ஒருவர் முகமாக, பிறர் வீட்டு ஜன்னலைத் தெருவில் நின்று பார்க்கிறவர் மாதிரி. விழுங்கிவிட்டு மோரைக் குடித்தார்.

அதன் பிறகு எல்லா வாரமும் வந்தார். என் கடைக்கும் வந்தார். சிலிண்டர் அடுப்பைக் கொடுத்துவிட்டு மின்சார அடுப்பு வாங்கினார். வீட்டுக்கு வாங்கும் கறியை, ஷெம்ஸே வீட்டு வாசலில் நின்று அவளிடம் நீட்டி, அவள் சரி என்ற பிறகே கீழே எடுத்துப் போவார். மார்ச்சில் டாக்டரிடம் போய் வந்தார். ஒரு வருடத்தில் வராதது இனி வராது, இங்கே வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் கூட்டம் முடிந்துவிடும். அந்த வருடத்துக் கடைசிக் கூட்டம் ஏப்ரலில் என் வீட்டில் நடந்தது. முடிந்ததும் தெருமுனை வரை அவரோடு நடந்தேன்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பிரமாதம்ணே."

"அது தெரியுது. தட்டு காலி ஆச்சே. எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு."

முயற்சி செய்தேன். வெங்காயம் முதலில் வந்தது என்றேன். பிறகு மிளகாய், வெயிலில் காய்ந்த வாசம், கொஞ்சம் புகை மாதிரி. கறி தனியாகத் தெரியவில்லை, ஆனால் இருந்தது. பூண்டு கடைசியில். சொல்லச் சொல்ல அது மளிகைச் சீட்டு மாதிரி ஆகிக்கொண்டே போனது. வாழ்நாள் முழுக்கத் தின்ற ஒன்றைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அவர் நடப்பதை நிறுத்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தடுமாறி நின்றதும் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"புகை மாதிரியா?"

"ஆமாண்ணே. லேசா."

"ம். அப்ப இது போன வருஷத்து மிளகாய்" என்றார். "சரி, நீ போ. வீட்டுல உனக்காகப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

கையைக் கோட்டுப் பைகளில் விட்டுக்கொண்டு கோட்டைப் பக்கம் திரும்பி நடந்தார். நான் வீட்டுக்கு வந்தேன். மனைவி பாத்திரங்களைக் கழுவி முடித்திருந்தாள். வீடு முழுக்க வெங்காயமும் மிளகாயும் மணத்தன. வாடை தாங்கவில்லை, ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்றாள்.