புஸ் கடையின் முப்பத்தாறு

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரத்த அணுக்களை எண்ணும் மெஷினோடு இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவள். காலை ஏழரைக்கு வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் செய்யும் முதல் வேலை, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்னக் குப்பி ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. ஒழுங்காகச் சொன்னால்தான் நோயாளிகளின் ரத்தம் உள்ளே போகும். உளறினால் அன்றைக்கு வரிசையில் அமைச்சரே நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

வேறு ஊர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது எண்ணைப் பார்த்துப் பதறி ஓடி வந்தால் அவள் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: “இது எந்த மெஷின்ல வந்தது?” அந்தக் கேள்வியை வைத்து அவளைக் கேலி செய்யாத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. கேன்டீனில் பில்லை நீட்டினால்கூட அக்கா மெஷினைக் கேட்பாள் என்பார்கள்.

அப்படிப்பட்டவள் வீட்டு விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்து போனாள். அது நினைவுக்கு வர எட்டு மாதம் ஆனது.

நாற்பத்தேழு வயதில்தான் அவள் கார் ஓட்டக் கற்றாள். கற்றுக் கொடுத்தது கணவர். உடம்புக்கு முடியாமல் போகும் என்று தெரிந்த பிறகு அவர் எடுத்துக்கொண்ட ஒரே அவசர வேலை அதுதான். பக்கத்து சீட்டில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல், கிளட்ச், கிளட்ச் என்பார். கடைசி வாரத்தில் படுக்கையிலிருந்து சொன்ன விஷயங்களில் பாதி அவளுக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. “காத்து முப்பத்தாறு. மறந்துடாத.”

அவள் மறக்கவில்லை. பிரதான சாலையில் புதிதாக வந்த பெட்ரோல் பங்கில், டயர் காற்றின் அளவைத் தட்டிவிட்டால் தானே நிரப்பிக் கீச்சென்று கத்தும் மெஷின் ஒன்று இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், டயர் சூடாவதற்கு முன்னால் அங்கே போவாள். முப்பத்தாறு என்பாள். பங்க் பையன் ஒருமுறை பின்சீட்டை எட்டிப் பார்த்து, ஆள் அதிகம் ஏற்றுவீர்களா என்று கேட்டான். இரண்டே பேர், நானும் மாமனாரும் என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டினான்.

கணவர் பதினோரு வருடமாகக் காற்று நிரப்பிய இடம் அதுவல்ல. தெருமுனையில் இருக்கும் டயர் கடை. கடைக்காரரைத் தெருவே ‘புஸ்’ என்றுதான் கூப்பிடும். தொழிலால் வந்த பெயர் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. அந்த மனிதர் எந்த வாக்கியத்தையும் தடபுடலாக ஆரம்பித்து, பாதியில் காற்று இறங்கி, கையை ஒரு ஆட்டு ஆட்டி முடித்துவிடுவார். கணவர் அங்கே போனால் அரை மணி நேரத்துக்குக் குறைந்து திரும்பியதில்லை. அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டால், ஒன்றும் பேசமாட்டோம் என்பார். அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினால் புஸ் ஏதாவது கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தே அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு முழு வீதியைச் சுற்றிக்கொண்டு பங்குக்குப் போனாள்.

இத்தனைக்கும் நடுவில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டி வர வேண்டும், விட்டால் கால் இறுகிப்போகும், அப்புறம் ஆயுசுக்கும் வாக்கர்தான் என்று பிசியோதெரபிஸ்ட் பெண் கறாராகச் சொல்லி அனுப்பினாள்.

மாமனார் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் மற்றவர்கள் சொன்னதைக் கமாகூட விடாமல் அடித்தவர் என்பதாலோ என்னவோ, தன் விஷயத்தில் எதையும் நேராகச் சொல்லமாட்டார். முதல் வாரம் மூன்று நாளும் வந்தார். இரண்டாவது வாரம் ஒரு நாள் தலைவலி. மூன்றாவது வாரம் வெயில். நான்காவது வாரம் திங்கட்கிழமை, செருப்பு வரைக்கும் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

“இன்னைக்கு வேணாம்மா. காலு நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்குன்னா எழுந்து நில்லுங்க மாமா, பாப்போம்.”

“நிக்கிறதுக்கு என்ன. நின்னு என்ன சாதிக்கப் போறேன்.”

காரில் வேகத்தடை வரும்போதெல்லாம் மேல் கைப்பிடியை அவர் இறுக்கிப் பிடிப்பதைக் கண்ணாடியில் அவள் பார்த்திருக்கிறாள். வாயே திறக்கமாட்டார். நரம்பு மட்டும் புடைத்து நிற்கும். அவள் வேகத்தைக் குறைத்தாள். வழியை மாற்றினாள். இரண்டு மெத்தைத் துண்டுகளை அடுக்கினாள். அவரை முன்சீட்டுக்கு மாற்றிப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஓட்டத் தெரியாதவள் ஓட்டுகிறாள், கிழவர் பெரிய மனது பண்ணிச் சொல்லாமல் இருக்கிறார்.

ஒரு புதன்கிழமை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து அனுப்பினாள். மாலையில் வந்து பார்த்தால் மாமனார் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகவர ஒரு வலியும் தெரியவில்லையாம். டிரைவர் நல்ல கைகாரனாம். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார் போல, ரோடு போட்டிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி தட்டைக் கழுவும்போது அந்தச் சுருக்கு மெல்ல வேறொன்றாக மாறியது. வந்த வாடகைக் காரும் அவளுடைய காரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். நிறம்தான் வேறு. ரோடும் அதே ரோடு, அதே எட்டு வேகத்தடை. லேபில் ஒரே ரத்தத்துக்கு இரண்டு பதில் வந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இதுவும் அப்படித்தான் தொண்டையில் நின்றது.

மறுநாள் அந்த டிரைவருக்கே போன் போட்டு, எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டாள். அந்த மனிதர் புகார் வந்திருக்கிறது என்று நினைத்துப் பயந்துவிட்டார். சமாதானப்படுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டதில், வேகம் அவளுடையதைவிட அதிகம். சீட்டுக்கு மெத்தையும் கிடையாது. கடைசியாக டயரில் காற்று எவ்வளவு என்றாள். முப்பத்திரண்டுதான், கூடினால் வண்டி தூக்கிப் போடும், கதவிலேயே போட்டிருக்கிறதே, நீங்கள் பார்த்ததில்லையா என்றார் அவர்.

அவள் பார்த்ததில்லை. கீழே இறங்கிப் போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். கதவை மூடினால் மறைந்துவிடும் உள்விளிம்பில், ரேஷன் அட்டை அளவுகூட இல்லாத ஒரு ஸ்டிக்கர். சாதாரணமாக ஓட்டினால் முப்பத்திரண்டு. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் என்றால் முப்பத்தைந்து. எந்தப் பத்தியிலும் முப்பத்தாறு இல்லை.

விரலை வைத்து ஸ்டிக்கரை இன்னொரு முறை படித்தாள். கணவர் இருமல் மருந்து வாங்கினாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கிறவர். பதினோரு வருடம் இந்தக் கதவைத் திறந்து மூடியவர். அவருக்கு இந்த ஸ்டிக்கர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? பட்டும் ஏன் நான்கு கூட? அதைவிட விசித்திரம், அப்போது வண்டி இப்படித் தூக்கிப் போடவில்லை. பின்சீட்டில் மாமனார் குறட்டை விட்டுத் தூங்கியே வந்திருக்கிறார்.

பேசாமல் முப்பத்திரண்டுக்கு இறக்கிவிடலாம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. மாமனாரின் காலும் முக்கியம், கணவர் கடைசியாகச் சொன்னதைக் காரணம் தெரியாமல் தள்ளிவிடவும் மனசு இல்லை. அப்போதுதான், எட்டு மாதம் கழித்து, அவளுடைய பழைய கேள்வி அவளிடமே வந்து நின்றது. முப்பத்தாறு சரி. எந்த மெஷினில்?

அவர் காற்று நிரப்பிய மெஷின் ஒன்றே ஒன்றுதான். அவள் வேறு இடத்துக்குப் போவாள் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை பங்குக்குப் போய் வழக்கம்போல முப்பத்தாறு வைத்துக்கொண்டாள். அங்கிருந்து நேராகத் தெருமுனைக்கு வந்து, புஸ் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

அவள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. புஸ் எதையும் கேட்கவில்லை. வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்தார். காற்றைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். எண் சொல்லவில்லை. கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயின் நுனியில் ஒரு பழைய வட்ட மீட்டர் தொங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல், முகத்தில் பாதி எண்கள் அழிந்திருந்தன. முன் டயரில் வைத்தார். முள் எழுந்து நடுங்கி நின்றது.

“நாப்பது காட்டுது. யாரு மேடம் இவ்ளோ ஏத்துனது?”

“இப்பதான் பங்க்ல வச்சேன். முப்பத்தாறு.”

புஸ் குந்தியபடியே இருந்தார். மீட்டரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். லேபில் தப்பு செய்த புதுப் பெண்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“உங்க மீட்டர் நாலு கூட்டிக் காட்டுது, தெரியுமா?” என்றாள். குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கித்தான் கேட்டாள்.

“தெரியும் மேடம்.”

“தெரிஞ்சுமா?”

“ஒருதடவ லாரிக்காரன் கீழ போட்டுட்டான். அன்னையிலேர்ந்து நாலு கூட. யாராவது முப்பத்திரெண்டுனு கேட்டா, நானே முப்பத்தாறு வரைக்கும் விடுவேன். உள்ள சரியா முப்பத்திரெண்டு இருக்கும். புதுசு வாங்கலாம், ஆனா அது என்ன பொய் சொல்லும்னு யாருக்கு... இது ஒரே பொய்யத்தான் சொல்லுது, அதான்...” கை ஆடியது. காற்று இறங்கிவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எப்போதும் ஒரே அளவு தவறுகிற மெஷினைத் தூக்கிப் போட அவளுக்கும் மனசு வராது. ஆளுக்கு ஒன்று சொல்கிற மெஷினைத்தான் நம்ப முடியாது. பிறகுதான் அடுத்தது உறைத்தது. மற்றவர்கள் முப்பத்திரண்டு கேட்டார்கள், இவர் தானாக நான்கு சேர்த்தார். கணவர் முப்பத்தாறு என்றே கேட்டாரே, அப்படியானால் நாற்பது அல்லவா வைத்திருக்க வேண்டும்?

“சாருக்கு மட்டும் எப்படி?”

புஸ் முதல்முறையாக நிமிர்ந்தார்.

“முதல் தடவ சார் முப்பத்திரெண்டுதான் கேட்டார். நான் நாலு கூட்ட மறந்து, முள்ளு முப்பத்திரெண்டு காட்டுற வரைக்கும்தான் வச்சேன். அவர்கிட்ட பேனா மாதிரி ஒரு மீட்டர் உண்டு. அந்தப் பக்கமா போய் வச்சுப் பாத்துட்டு, என் மீட்டரையும் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லல. கடையில அன்னைக்கு நாலு பேர் நின்னாங்க. அடுத்த தடவலேர்ந்து அவரே முப்பத்தாறுனு கேக்க ஆரம்பிச்சுட்டார். கதவுல இருக்கிற ஸ்டிக்கர நானும்தான் படிப்பேன். சரி, மனுஷன் கணக்கு போட்டுட்டார், நம்மள நாலு பேர் முன்னாடி கேட்டுக் கேவலப்படுத்த வேணாம்னு பாக்குறார்னு புரிஞ்சுச்சு. அவர் கேக்குற எண்ணுல நிறுத்திடுவேன்.”

புஸ் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்னு அவருக்கு?”

“தெரியாதுன்னுதான் நெனச்சிருப்பார். நானும் சொல்லல.”

“பதினோரு வருஷம். ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கிட்டிருந்தீங்க?”

“ஒண்ணும் பேசமாட்டோம் மேடம்.”

அவள் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். புஸ் நான்கு டயருக்கும் குனிந்து குனிந்து நகர்ந்தார். வால்வை அழுத்தும் சத்தம் நான்கு முறை நீளமாகக் கேட்டது. முள் முப்பத்தாறில் நின்றதும் மூடியைத் திருகினார். கிளம்பும்போது அவள் ஒன்று சொன்னாள்: இனி நான் முப்பத்தாறு என்றே கேட்பேன், நீங்கள் பாட்டுக்கு நாற்பது வைத்துவிடாதீர்கள். புஸ் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து கணவரின் மேஜை டிராயரைத் துழாவினாள். கண்ணாடிக் கூட்டுக்கும் பழைய ரசீதுகளுக்கும் அடியில் பேனா மாதிரி ஒன்று கிடைத்தது. கீழே போய் வைத்துப் பார்த்தாள். நான்கு டயரும் முப்பத்திரண்டு.

திங்கட்கிழமை மாமனாரை ஒருவழியாகக் கிளப்பினாள். வாடகைக் கார் என்றால் வருகிறேன் என்ற தொனியில்தான் ஏறினார். முதல் வேகத்தடையில் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. இரண்டாவதிலும் போனது. ஐந்தாவதில் மடியிலேயே இருந்தது. எட்டாவதைத் தாண்டியதும் பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம்.

“ஓட்டுறது கைக்கு வந்துடுச்சு போலிருக்கே உனக்கு.”

அது நான் இல்லை மாமா, காற்று என்று சொல்ல வாயெடுத்தாள். டயர், மீட்டர், புஸ், உங்கள் பிள்ளை என்று நீண்ட கதை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தாள். இத்தனை வாரம் அவள் மனம் நோகக் கூடாதென்று தலைவலி, வெயில் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்த மனிதர், முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தையை நேராகச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா மாமா. கொஞ்சம் பழகிடுச்சு.”

“ம். திரும்பும்போது ஸ்கூல் ரோடு வழியா போ.”

“அதுல வேகத்தடை இன்னும் அதிகம் மாமா. பன்னெண்டு இருக்கு.”

“இருக்கட்டுமே. எண்ணிப் பாப்போம்.”