மாகறலில் மட்டும் எழுந்து நின்ற மோட்டார் சைக்கிள்

1962ஆம் ஆண்டு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். அப்போது நான் உத்திரமேரூரில் கால்நடை மருத்துவராக இருந்தேன். சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய்வர என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் வந்த வண்டி. கனத்தில் எருமைக் கடாவுக்கு அண்ணன். இப்போதைய வண்டிகளைப் போலப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தும் வசதி அதில் கிடையாது. பின்சக்கரத்துக்கு இருபுறமும் இறங்கும் இரண்டு கால்களோடு ஒரு ஸ்டாண்டு உண்டு. அதை மிதித்துத் தரையில் இறக்கி, கேரியரைப் பிடித்து வண்டியைப் பின்னோக்கித் தூக்கி இழுக்க வேண்டும். பின்சக்கரம் அந்தரத்துக்கு வந்தால்தான் வண்டி நிற்கும்.

அந்த ஆடியில் ஓர் எருமை என்னைத் தொழுவத்துச் சுவரோடு வைத்து நெருக்கியதில் வலது தோள் மூட்டு இறங்கிவிட்டது. கட்டுப் பிரித்தபின் ஊசி போட முடிந்தது, வண்டியும் ஓட்ட முடிந்தது. ஆனால் கனம் தூக்கினால் தோள் மறுபடியும் இறங்கும் என்று வைத்தியம் பார்த்தவர் எச்சரித்திருந்தார். அதனால் போகிற இடமெல்லாம் வண்டியை நிறுத்த ஆள் தேட வேண்டியிருந்தது. மண்சுவரில் சாய்த்தால் சுவர் பெயர்ந்தது. மரத்தில் சாய்த்தால் மருந்துப் பெட்டியோடு சரிந்தது. விஷயம் மேலதிகாரியின் காதுக்கு எட்டியது. கார்த்திகைக்குள் தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் நான் ஆஸ்பத்திரியோடு இருந்துவிட வேண்டும், ஊர்களுக்கு வேறு ஆள் போவார் என்று சொல்லிவிட்டார்.

எனக்கோ அந்த ஊர்களில்தான் உயிர். மாட்டைப் பார்த்த கையோடு, இந்த ஏரிக்கு மதகு எப்போது கட்டியது, இந்தக் கோவில் மண்டபம் யார் காலத்தது என்று விசாரித்துக்கொண்டு திரிவதில் எனக்கு அப்படியொரு பித்து. நாற்காலியில் உட்கார்ந்தால் அத்தனையும் போச்சு.

இந்தக் கவலையோடு மாகறலில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனேன். அவர்கள் பசுவுக்கு மடிவீக்கம். வாசலில் ஆள் யாரும் இல்லை. பழக்க தோஷத்தில் ஸ்டாண்டை மிதித்து, இடது கையால் கேரியரை லேசாக இழுத்தேன். வண்டி சமர்த்தாக ஏறி நின்றுவிட்டது! எனக்கே நம்பிக்கை வரவில்லை. இறக்கி மறுபடி இழுத்தேன். மறுபடியும் நின்றது.

தோள் தேறிவிட்டது என்று மகிழ்ந்து அடுத்த ஊருக்குப் போனால், அங்கே வண்டி மலை மாதிரி அசையவே இல்லை. அடுத்த வாரம் மாகறலில் மீண்டும் பூப்போல எழுந்தது. அந்த வீட்டு அம்மாள் வாயாடி. "எங்கூட்டு வாசல்ல மட்டும் வண்டி சொன்ன பேச்ச கேக்குதே, இன்னா சார் சங்கதி?" என்றார். அவர் கணவர் கோவில் பக்கம் கையைக் காட்டி, "எல்லாம் ஈசன் பார்த்துக்கிறாரு" என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வாசலை உற்றுப் பார்த்தேன். தெருவுக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரு சிறு கால்வாய். மாட்டுவண்டி உள்ளே போக, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பனஞ்சட்டங்கள் போட்டிருந்தார்கள். நான் வண்டியை ஒரு சட்டத்தின் மேல் தள்ளிவந்து, அது முடிகிற இடத்தில் நிறுத்துவேன். பின்சக்கரம் சட்டத்தின் நுனியில், இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. பாதி தூக்குகிற வேலையைச் சட்டமே செய்துவிடுகிறது! சக்கரத்தை ஏதாவது பலகையில் ஏற்றினால் போதும் என்று முடிவுகட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டது, நான் சாப்பிட உட்காரும் மணை. நல்ல பலா மரம். அதை வாசலில் போட்டு, சக்கரத்தை ஏற்றி, ஸ்டாண்டை மிதித்து இழுத்தேன். தோளில் மின்னல் வெட்டியது, வண்டி அசையவில்லை. அதற்குள் என் மனைவி கையில் கரண்டியோடு வந்துவிட்டாள்.

"நாம கல்யாணத்துல உக்காந்த மணை அது! அது மேலயா டயர ஏத்துறீங்க? கொஞ்சமாவது இது இருக்கா உங்களுக்கு?"

டயர் அடையாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை. அடுத்த பொங்கல் வரை எனக்குத் தரையில்தான் சாப்பாடு.

அதே உயரம்தான். அங்கே எழுந்த வண்டி இங்கே ஏன் எழவில்லை? கார்த்திகையும் பிறந்துவிட்டது. பார்க்க மாடு எதுவும் இல்லாமலே மாகறலுக்குப் போனேன்.

"பசு நல்லாத்தான கீது, இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றார் அந்த அம்மாள்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மழை ஈரத்தில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தேன். தெருவில் போனவர்கள் கூடிவிட்டார்கள். "ஏய், இங்க வந்து பாருங்க! டாக்டரு வண்டிக்கு ஊசி போட்டுக்கினு கீறாரு!" என்று அந்த அம்மாள் குரல் கொடுக்க, ஒரே சிரிப்பு.

சிரிப்புக்கு நடுவே எனக்கு விடை கிடைத்தது. சட்டம் டயர் அகலம்தான் இருந்தது. ஸ்டாண்டின் இரண்டு கால்களும் அதன் இருபுறமும் ஈர மண்ணில் பதிந்திருந்தன. என் வீட்டு மணையோ அகலமானது. சக்கரத்தோடு சேர்ந்து ஸ்டாண்டின் கால்களும் அதன் மேலேயே ஏறிக்கொண்டன. சக்கரம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு தரையும் உயர்ந்துவிட்டது. அப்புறம் பலகை இருந்தென்ன, இல்லாமல் என்ன?

எழுந்து, சட்டையெல்லாம் சேறாக, விவசாயியிடம் ஒரு முழத்துக்குப் பனஞ்சட்டத் துண்டு கேட்டேன். அவர் அறுத்துக் கொடுத்ததோடு, சக்கரம் ஏற வசதியாக ஒரு நுனியைச் சீவியும் தந்தார். "வண்டிக்குச் செருப்பா சார்?" என்றார் அந்த அம்மாள்.

வைத்த கெடு முடிந்ததும் மேலதிகாரி உத்திரமேரூருக்கு வந்தார். நிறுத்திக் காட்டச் சொன்னார். துண்டைத் தரையில் போட்டு, சக்கரத்தை அதன் மேல் உருட்டி, ஸ்டாண்டை மிதித்து, இடது கையால் இழுத்தேன். எழுந்து நின்றது. அவர் வண்டியை இறக்கச் சொல்லி, தானே ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துவிட்டு இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம். துண்டை என் கையில் கொடுத்து, "நாளைக்கு எந்த ஊருக்குப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு வந்த வண்டிகளுக்கு அந்தத் துண்டு தேவைப்படவில்லை. ஆனாலும் ஏதாவது ஒரு காரியம் எனக்கு மலைபோலக் கனக்கும்போதெல்லாம், என் பலத்தை நொந்துகொள்வதற்கு முன், இதே காரியம் முன்பு எந்த இடத்தில் லேசாக முடிந்தது, அங்கே காலடியில் என்ன இருந்தது என்றுதான் இன்றும் முதலில் குனிந்து பார்க்கிறேன்.