விருந்தாளி வரும்வரை

வெளியுறவு அமைச்சகத்தில் அண்டை நாடுகளைக் கவனிக்கும் பிரிவு உற்பத்தி செய்த பொருள் ஒன்றுதான்: சூழ்நிலை. "சூழ்நிலை சரியில்லை", "சூழ்நிலையைக் கெடுக்கக் கூடாது" என்று எல்லோரும் வானிலை அறிக்கைபோலப் பேசுவார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் தில்லி நிருபராக இருந்த நான் அந்தச் செம்மணற்கல் கட்டடத்துக்கு அடிக்கடி போவேன். திரும்பும்போது தகவல் எதுவும் இருக்காது. வயிற்றில் அவர்களுடைய தேநீர் மட்டும் இருக்கும்.

ஒரு குளிர்காலத்தில் ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு மீனவர் தில்லிக்கு வந்து, கிட்வாய் நகரில் ஊர்க்காரர் ஒருவரின் அரசுக் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட அவருடைய அண்ணன் அக்கரைச் சிறையில் இருந்தார். அண்ணன் மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தள்ளிப்போட மறுத்துவிட்டார்கள். அதற்குள் அண்ணன் வந்தாக வேண்டும். இவருக்கு இந்தி தெரியாது என்பதால் நான் கூடப் போனேன்.

இந்தி தேவைப்படவில்லை. பிரிவின் அதிகாரி தமிழர்தான். தமிழைக் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறவர். என்னை உட்காரச் சொன்னார். இரவல் ஸ்வெட்டரில் நின்ற மீனவரைச் சொல்லவில்லை. கல்யாணத் தேதியைச் சொன்னோம்.

"கேஸ் மூவ் ஆயிட்டிருக்குப்பா. இன்னிக்கோ நாளைக்கோ விட்டுடுவாங்க. நீ ஊருக்குப் போ."

"உத்தரவு வாரவரைக்கும் இங்கினயே இருக்கேன்யா. நான் போயிட்டா மறந்துருவீக."

அதிகாரி சிரித்தார். "இரு, இரு. தில்லியச் சுத்திப் பாரு."

மீனவர் தினமும் அந்த வாசல்வரை போய்த் திரும்பினார். சூழ்நிலை கனிந்துகொண்டிருந்தது. தை முடிந்தது. கல்யாணப் பந்தலில் அப்பனும் இல்லை, சித்தப்பனும் இல்லை.

மாசியில் அக்கரை அமைச்சர் வந்தார். ஓட்டல் புல்வெளியில் வரவேற்பு. மீனவர்களை நல்லெண்ணத்தின் அடையாளமாக விடுவிப்பதாக அவர் அறிவித்ததும் கைதட்டினார்கள். அதிகாரி ஆரஞ்சுச் சாற்றுடன் என்னை ஓரங்கட்டினார்.

"எப்படி? என் ஐடியா சார். அவங்க போன மாசமே விடறேன்னாங்க. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னேன். மினிஸ்டர் வெறுங்கையோட வந்து இறங்கினா நல்லாவா இருக்கும்?"

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னு சொன்னோமே."

"அது முடிஞ்சிருக்குமே" என்றார், உண்மையான மகிழ்ச்சியுடன். "இப்ப அப்பாவும் வந்துடறார். டபுள் சந்தோஷம்."

இதைப் பத்திரிகையில் போடாதீர்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. போட்டால் தேவலை என்பதுபோல நின்றார்.

மறுநாள் காலை கிட்வாய் நகருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மீனவர் குழாயை மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கல்யாணத்துக்கு முன்னாலயே விட்டிருக்கலாம்?"

"விட்டிருக்கலாம்."

எழுதப்போகிறேன் என்றேன்.

"வேணாம்ணே. நாளைக்கு எங்காளு இன்னொருத்தன் மாட்டுனா இவுககிட்டதான வரணும்." துண்டை உதறினார். "ரயிலுக்கு முன்னால அவுகளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவோம். நீங்களும் வாரீகளா?"

போனோம். இந்த முறை அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். அவர் நின்றபடியே கும்பிட்டார்.