மெர்சிங்குக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் முன்பே

இங்கே, மலேசியாவின் தென்முனையான ஜொகூரில், கோடைகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்க அதே வெயில், அதே மாலை மழை. பள்ளிக்கூடம் மூடினால் அதுதான் எங்களுக்குக் கோடை. ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை, அரையாண்டு விடுமுறையில், கூலாயிலிருந்து மெர்சிங்குக்குப் புறப்பட்டோம். போக நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டேகால் மணி நேரம். கடலில் கால் நனைத்து, மீன் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். இந்த வலைப்பதிவில் நான் எழுதுவதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களைப் பற்றித்தான். அறை எடுக்காமல் ஒரே நாளில் போய் வரக்கூடியவை.

மெர்சிங் கட்டுரையில் பாதியை முதல் நாளே மனத்தில் எழுதி வைத்திருந்தேன். நல்ல பழக்கம் இல்லை.

நாங்கள் மூன்று பேர். நான், அக்கா, அக்காவின் மகள் நிஷா. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அத்தானுக்குச் சரவாக்கில் எண்ணெய் மேடையில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அக்காவுக்குச் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை மூன்றரைக்கு எழுகிறாள். நாலேகாலுக்கு எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் தொழிற்சாலை பஸ். திரும்பி வர இரவு ஒன்பது ஆகும். நிஷா எட்டரைக்கே தூங்கிவிடுவாள். ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. பாதி துணி துவைப்பதில் போகும், மீதி தூக்கத்தில். அந்தச் சனிக்கிழமை ஏதோ இயந்திரப் பராமரிப்பு என்று தொழிற்சாலையை மூடியிருந்தார்கள். பதிலுக்கு ஞாயிறு வேலை. ஆக அந்த ஒரு நாள்.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். நிஷாவைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, சோறு போடுவது எல்லாம் நான்தான். அவளுக்கு எட்டு வயது. ஒரு பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பட்டியல் ஒன்று வைத்திருந்தாள். தலைப்பு: ‘அம்மாகிட்ட சொல்ல வேண்டியது’. பன்னிரண்டு விஷயங்கள். நான் படிக்கக் கூடாது என்பது விதி.

காடியில் ஏறுவதற்கு முன்பே மகளுக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை நடந்தது. இங்கே காரைக் காடி என்றுதான் சொல்வோம்.

“காடியில தூங்கக் கூடாது. கடல் வர்ற வரைக்கும் நான் சொல்லுவேன், நீங்க கேக்கணும்.”

“தூங்க மாட்டேன்லா.”

“சத்தியமா?”

“சத்தியமா. தூங்குனா கிள்ளு.”

காலை ஏழு பத்து. முனைக்கடையில் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறு ஆறு பொட்டலம், ஒன்று இரண்டரை வெள்ளி, அதாவது ரிங்கிட். பிளாஸ்க்கில் மைலோ. பாய். நிஷா சட்டைக்குள்ளேயே நீச்சல் உடை போட்டிருந்தாள். அக்கா முன்னிருக்கை வேண்டாம் என்று பின்னால் அவளோடு உட்கார்ந்துகொண்டாள்.

“ஒண்ணு,” என்றாள் நிஷா. “டீச்சர் என்னைய முன்வரிசைக்கு மாத்திட்டாங்க. கண்ணு தெரியலன்னு இல்ல. பேசுறேன்னு.”

“யாருகிட்ட பேசுன?”

“அது மூணாவதுல வரும்.”

அக்கா சிரித்தது கேட்டது. “ரெண்டு,” என்றாள் நிஷா. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். காடி புறப்பட்டு நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

அக்கா தூங்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். சாய மாட்டாள். தலை நேராக இருக்கும், வாய் மூடியிருக்கும். பையின் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருக்கும். பார்ப்பவர்களுக்கு ஏதோ யோசிக்கிறாள் என்று தோன்றும். பதினோரு வருடம் தொழிற்சாலை பஸ்ஸில் பழகியது. வண்டி ஓடினால் தூக்கம். நின்றால் விழிப்பு. சாலை வேலைக்காக ஓரிடத்தில் நிறுத்தினார்கள். கண் திறந்தது. வெளியே செம்பனை. தன் இடம் இல்லை என்று தெரிந்ததும் கண் மூடியது.

நிஷா கிள்ளவில்லை. புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடி வைத்திருந்தாள்.

“கடல் வரட்டும். அங்க எழுந்திருவாங்க,” என்றேன்.

“போக ரெண்டு மணி நேரம். வர ரெண்டு மணி நேரம். அப்பயும் தூங்குவாங்க.”

“நடுவுல கடல் இருக்குல்ல?”

“கடல்ல நீங்க படம் எடுப்பீங்க. நில்லு, சிரி, திரும்புன்னு சொல்லுவீங்க.”

கூலாயிலிருந்து கோத்தா திங்கி வரை சாலை நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

கோத்தா திங்கி, நாற்பத்தைந்தாவது கிலோமீட்டர். மணி எட்டு ஆகி இரண்டு நிமிடம். ஊரைத் தாண்டியதும் ஓர் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைப்பதற்குள் பின்கதவு திறந்தது. அக்கா இறங்கினாள். ஓடினாள்.

நடை இல்லை, ஓட்டம். தலை குனிந்து, பை மார்போடு, வலது கையில் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். எண்ணெய்க் குழாய்களைத் தாண்டி, காற்று அடிக்கும் இடத்தைத் தாண்டி, கழிப்பறைக்கு வெளியே வரிசையில் நின்ற இரண்டு பெண்களுக்குப் பின்னால் போய் நின்றாள். நின்று, கடப்பிதழைப் படம் உள்ள பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

ஜொகூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பஸ் சிங்கப்பூர் எல்லையில் நின்றதும் எல்லாரும் ஓடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினால் வரிசையில் அரைமணி நேரம் போகும். அதனால் கண் விழிப்பதற்கு முன்பே கால் விழித்துவிடும்.

மெர்சிங்குக்குக் கடப்பிதழ் எடுத்து வந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நிஷாவும் சிரித்தாள். பக்கத்தில் லாரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் சத்தமாகக் கேட்டார்.

“என்ன தங்கச்சி, கோத்தா திங்கியிலயும் கஸ்டம்ஸ் தொறந்துட்டாங்களா?”

அக்கா திரும்பினாள். கடப்பிதழைப் பார்த்தாள். கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். “அலமாக்,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெக்கப்படாதலா. நானும் பதிமூணு வருசம் ஓடுனவன்தான். விட்டு நாலு வருசமாச்சு, இன்னும் சினிமா வரிசையில நின்னா கை பையத் தடவுது.”

நிஷா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினாள்.

“மாமா. காடி ஓடுனா தூங்குறாங்க. நின்னா எழுந்திருக்காங்க.”

“ஆமா.”

“அப்ப நிக்கலாம்.”

“மெர்சிங்?”

“மெர்சிங் வேணாம்.”

மெர்சிங்குக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் இருந்தது. மனத்தில் எழுதி வைத்திருந்த பாதிக் கட்டுரை இருந்தது. அதில் படகுத்துறையைப் பற்றி ஒரு பத்தி, நன்றாகவே வந்திருந்த பத்தி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் தயங்கினேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு லாரிக்காரரிடம், பக்கத்தில் உட்கார இடம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“திரும்பி டவுனுக்குள்ள போங்க. ஆத்தோரம் பெஞ்சு போட்டுருக்கு. ஒண்ணும் இருக்காது, நெழலு இருக்கும்.”

ஒன்றரைக் கிலோமீட்டர். அவர் சொன்னது சரி. ஜொகூர் ஆறு அந்த இடத்தில் அகலம், பழுப்பு நிறம், ஓடுவதே தெரியவில்லை. சிமெண்டுப் பெஞ்சு மூன்று. ஒரு பெரிய மரம். கரையில் முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை.

“மாமா, குளிக்க முடியாதா?”

“காலை வச்சா காலை எடுத்துட்டுப் போயிரும்.”

“ஒண்ணுமே இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டு வந்துருக்கீங்க.”

“எழுதி வச்சுக்க. பதிமூணாவதா ஒங்கம்மாகிட்ட சொல்லு.”

எட்டரைக்குப் பாயை விரித்தோம். மரத்தடி நகரவில்லை. அக்காவும் தூங்கவில்லை.

பட்டியலில் இரண்டாவது, முன்பல் ஆட்டம். மூன்றாவது, பேச்சு திவ்யாவோடு. நான்காவது, அடுத்த தெருப் பூனை எங்கள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மூன்று குட்டி போட்டது. ஐந்தாவது, மேகி சமைக்கத் தெரியும்.

“யாரு கேஸத் தொறந்தா?” என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

“நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“நிக்கல. போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்க,” என்றாள் நிஷா.

“ஒன்னைய நம்பி வுட்டுட்டுப் போறேன் பாரு.”

வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஆறு, ஏழு, எட்டு சிறியவை. எட்டுக்கு அடுத்துப் பத்துக்குப் போனாள்.

“ஒம்பது?” என்று கேட்டாள் அக்கா.

“அது வேணாம்.”

“சொல்லு. சத்தியம் பண்ணிருக்கேன்ல, கேக்கணும்.”

நிஷா புத்தகத்தை முகத்துக்கு அருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வகுப்பில் ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பத்து வரி. ‘என் அம்மா தூங்குவார்’ என்று ஒரு வரி எழுதினாள். மற்ற ஒன்பது வரிக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. திவ்யா அதைச் சத்தமாகப் படித்துவிட்டாள். உங்கம்மா மலைப்பாம்பா என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா கையிலிருந்த பொட்டலத்தை மடித்து வைத்தாள். ஆற்றில் ஒரு தென்னை மட்டை போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொய் எழுதலையே,” என்றாள் அக்கா. “நான் தெனமும் ஒங்கிட்ட பேசுவேன். தெரியுமா?”

“எப்போ?”

“மூணு நாப்பதுக்கு. குளிச்சிட்டு வந்து ஒன் கட்டில்ல ஒக்காருவேன். நேத்து நடந்ததச் சொல்லுவேன். நீதான் தூங்குவ.”

“பொய். மாமா, உண்மையா?”

எனக்குத் தெரியாது. நான் கீழ்த்தளத்தில் தூங்குபவன். அந்த நேரத்தில் எனக்கும் உலகம் இல்லை. “தெரியல,” என்றேன்.

“என்ன சொல்லுவீங்க?”

“வியாழக்கெழமை சொன்னேனே. சிங்கப்பூர் பாலத்துல பஸ் நின்னுபோச்சு. எல்லாரும் எறங்கி மழையில நடந்தோம். என் செருப்பு ஒண்ணு அந்துபோயி கடல்ல வுழுந்துருச்சு. மீனா ஆன்ட்டி கால்ல பிளாஸ்டிக் பையக் கட்டிவுட்டாங்க.”

“பையோடவா வேலைக்குப் போனீங்க?”

“பையோடதான். சூப்பர்வைசர் கேட்டாரு, இது என்ன புது ஃபேஷனான்னு.”

நிஷா பாயில் உருண்டு சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, “செருப்பு என்ன கலரு?” என்று கேட்டாள். புத்தகத்தில் புதுப்பக்கம் திருப்பினாள். ‘அம்மா சொன்னது’. ஒன்று, நீலச் செருப்பு. இரண்டு மணிக்குள் எட்டு வரி சேர்ந்திருந்தது. இன்னும் ஒன்று வேண்டும் என்றாள். பத்தாவது ஏற்கெனவே இருக்கிறதாம், வகுப்பில் எழுதிய அந்தத் தூங்குகிற வரி.

இரண்டேகாலுக்கு வானம் கறுத்தது. கிளம்பினோம். மூன்றாவது நிமிடத்தில் அக்கா தூங்கிவிட்டாள். தலை நேராக, வார் மணிக்கட்டில். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு எங்கள் தெரு. வீட்டு வாசலுக்கு முன் வேகத்தைக் குறைத்தேன்.

“நிப்பாட்டாதீங்க மாமா,” என்றாள் நிஷா. கிசுகிசுப்பாக.

வாசலைத் தாண்டிப் போனேன். தாமானை ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருபதுக்கு மேல் வேகம் போகவில்லை. மூன்றாவது சுற்றில் முனைக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். ஐந்தாவதில் கையசைத்தார்.

சுற்றிக்கொண்டிருந்தபோது, உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். கோத்தா திங்கி ஆற்றங்கரைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, வாகனம் நிறுத்தவும் அன்று யாரும் காசு கேட்கவில்லை. கழிப்பறை பக்கத்தில் இல்லை, டவுனுக்குள் போக வேண்டும். பாய், குடிதண்ணீர், கொசு மருந்து கொண்டு போங்கள். பதினொரு மணிக்கு மேல் நடுப் பெஞ்சு வெயிலில் கிடக்கும், மரத்தடிதான் இடம். தண்ணீரில் இறங்க வேண்டாம், பலகை விளையாட்டுக்கு வைத்ததில்லை. பெட்ரோலும் சாப்பாடும் சேர்த்து எங்களுக்கு ஐம்பது வெள்ளிக்குள் முடிந்தது. மெர்சிங் நல்ல ஊர் என்கிறார்கள், மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை போகலாமாம். கூட வருபவர் எப்போது விழித்திருப்பார் என்று தெரிந்துகொண்டு தூரத்தை முடிவு செய்யுங்கள். நான் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தேன்.

ஏழாவது சுற்றில் தூறல். வைப்பரைப் போடக் கை போனது.

“அது சத்தம் போடும்,” என்றாள் நிஷா.

“ரோடு தெரியணும்ல?”

அவள் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவின் காதுப்பக்கம் கையைக் குவித்து வைத்துக்கொண்டாள், தொடாமல்.

“இப்ப போடுங்க,” என்றாள்.