ஆவன்னா என்றால் கம்பிங்

ஈயை எறும்பு தின்றுவிட்டது.

"ஏங்க, எந்திரிங்க! ஈயைக் காணோம்! இழுத்துட்டுப் போவுது பாருங்க!"

தனலெட்சுமி விளக்குமாற்றுக் குச்சியோடு சுவரோரம் ஊர்ந்த எறும்பு வரிசையைத் துரத்திக்கொண்டிருந்தாள். வரிசையின் நடுவில் ஒரு ஈ, இறக்கை மட்டும் தெரிய, கல்யாண ஊர்வலத்து மாப்பிள்ளை போலப் போய்க்கொண்டிருந்தது.

இரவு முழுக்க ரயில் யார்டில் வேகன் மாட்டிவிட்டு வந்து படுத்திருந்த அய்யாவு கண்ணைத் திறக்கவில்லை.

"போனா போவுது. ஈதானே."

"ஈதானேவா? அஞ்சு மணிக்கு வாத்தியாரு வராரு!"

"வந்தா, அவருக்கு ஈயா குடுக்கப்போறோம்? காப்பி குடு."

ஈ சுவர் வெடிப்புக்குள் இறங்கி மறைந்தது. தனலெட்சுமி கையில் வெறும் அட்டை மிச்சம். அதில் அய்யாவு கரித்துண்டால் எழுதிய ஈயன்னா இருந்தது. அதன் பக்கத்தில் ஈ ஒட்டியிருந்த இடத்தில் பால் கறை மட்டும் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயனில் மூன்றாவது வீடு அவர்களுடையது. முன்வாசலில் இறங்கிப் பதினாறு அடி வைத்தால் தண்டவாளம். தனலெட்சுமி அதை எண்ணி வைத்திருந்தாள். அவளுடைய மகன் வாசுவுக்கு ஆறு வயது நடந்தது, அவன் அடியில் இருபத்தொன்பது. போன மாதம் ஒரு நாள் அவள் உலை வைத்துக்கொண்டிருந்தபோது அவன் இருபத்தொன்பது அடியையும் நடந்து போய், நின்றிருந்த சரக்கு வண்டியின் சக்கரங்களைச் சத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணிக்கொண்டிருந்தான். இஞ்சின்காரர் அவனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்.

"தங்கச்சி, ஒம் மவனால ரயிலு பத்து நிமிசம் லேட்டு. ஆபீஸ்ல எழுதிக் கேட்டாங்கன்னா நான் என்னத்த எழுத?"

அன்றிலிருந்து சமைக்கும் நேரத்தில் அவன் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை சன்னல் கம்பியில். கயிறு வாசற்படி வரை வரும், அதற்குமேல் வராது. ஆனால் வாசு முடிச்சு அவிழ்க்கக் கற்றுக்கொண்டு வந்தான். முதல் முடிச்சுக்கு ஒரு வாரம் எடுத்தவன் மூன்றாவது முடிச்சைக் கால் மணியில் அவிழ்த்தான். தனலெட்சுமியின் இடுப்பில் இன்னொன்று, கைக்குழந்தை சந்திரகலா. இரண்டு கையில் எதை எங்கே பிடிப்பது? பையன் பகலெல்லாம் உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பள்ளிக்கூடம்.

தமிழ்ப் பள்ளியில் ஓர் அறைதான். பழனியப்பன் வாத்தியார் ஒருவர்தான். பெஞ்சு நிறைந்துவிட்டது, இன்னும் ஒரு பிள்ளைக்குத்தான் இடம். எழுத்து தெரிந்த பிள்ளையாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். தெரியாவிட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் வரை எந்தக் கயிறு தாங்கும்?

அதனால்தான் அட்டைகள். பால் டின் வந்த பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கி வந்து, அரிவாள்மணையில் பதிமூன்று துண்டாக நறுக்கினாள். ஒரு பக்கம் அய்யாவு எழுத்து எழுதினார். எழுத எழுத, இன்னின்ன எழுத்துக்கு இன்னின்ன பொருள் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பொருளைப் பக்கத்தில் கொண்டுவருவது தனலெட்சுமி பொறுப்பு. அவளுக்கு எழுத்து தெரியாது. கோலம் தெரியும். பதினேழு வயதில் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்து எட்டு வருஷமாக இந்த வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருப்பவளுக்கு ஓர் ஆடு போடுவதா பிரமாதம்? ஆடு போட்டாள். எலி போட்டாள். ஏணி போட்டாள். வராததை அப்படியே ஒட்டினாள். இலைக்கு இலை. ஐந்துக்குச் சந்திரகலாவின் கையைக் கரியில் தோய்த்து ஒரு பதிப்பு. ஊசிக்கு ஊசி. ஈக்கு ஈ. கஞ்சிப் பசை ஈயைப் பிடிக்கவில்லை, அதனால் டின் பாலில் ஒட்டினாள். அதுதான் எறும்புக்குத் தெரிந்துவிட்டது.

ஒட்டகத்தில்தான் சிரமப்பட்டாள்.

"அது எப்படிங்க இருக்கும்?"

"ஆடு மாதிரி. பெருசு. முதுகில மேடு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

ஒரு மாதம் தினமும் மத்தியானம் பாடம் நடந்தது. அவள் அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள். வாசு பார்த்துச் சொல்வான். சொன்னது படத்தோடு சரியாக இருந்தால் ஒரு பொட்டுக்கடலை. பிறகு படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் காட்டுவாள். அதற்கும் சொன்னான். அதற்கு இரண்டு கடலை. பதிமூன்றும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தனலெட்சுமிக்குத் தரையில் கால் பாவவில்லை. பக்கத்து வீட்டு வள்ளியம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

வள்ளியம்மாவின் மகனுக்குப் போன வாரமே இடம் கிடைத்துவிட்டது. "எங்க பாலன் ஏயன்னா வரைக்கும்தான் சொன்னான். ஒம் மவன் எதுவரைக்கும்?" என்றாள் வள்ளியம்மா.

"என் மவன் அடியிலேருந்து முடி வரைக்கும் சொல்லுவான். தூக்கத்தில கேட்டாலும் சொல்லுவான்."

"பாக்கலாம், பாக்கலாம். நானும் ஞாயித்துக்கிழமை வரேன்."

வந்தாள். ஐந்து மணிக்கு வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்தபோது, வள்ளியம்மா கதவு நிலையில் சாய்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முறத்தில் கல்லே இல்லை. அய்யாவு சட்டை போட்டு நின்றார். வாசுவின் தலையில் எண்ணெய் வழிந்தது.

வாத்தியார் குடையைச் சுவரில் சாத்தினார். பையிலிருந்து பலகையையும் குச்சியையும் எடுத்தார். தனலெட்சுமி அட்டைக் கட்டை நீட்டினாள்.

"அது வேணாம்மா. பலகையில எழுதுவேன், பையன் சொன்னாப் போதும். இங்க வாடா தம்பி. இது என்ன?"

"அம்மா" என்றான் வாசு.

"அனான்னு சொல்லணும். பரவால்ல, அம்மாவுக்கு அனாதானே. கெட்டிக்காரன்." வாத்தியார் துடைத்து, அடுத்ததை எழுதினார். "இது?"

"கம்பிங்."

வாத்தியார் திரும்பி வாசலைப் பார்த்தார். ஆடு எதுவும் வரவில்லை.

"ஆட்ட விடுடா. பலகையப் பாரு. இது என்ன எழுத்து?"

"கம்பிங்" என்றான் வாசு, இன்னும் கொஞ்சம் சத்தமாக. வாத்தியாருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டான்.

தனலெட்சுமி தலையை ஆட்டினாள். சரிதானே. ஆடுதானே அது. லயனில் எல்லாப் பிள்ளைகளும் ஆட்டை மலாயில் கம்பிங் என்றுதான் சொல்லும். வாத்தியார் முகம் ஏன் இப்படிப் போகிறது?

இனா எழுதினார். இலைக்கு "டாவுன்" என்றான். ஈயன்னா எழுதினார். வாசு அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "எறும்பு தின்னுடுச்சு" என்றான்.

"எத?"

"அத."

வள்ளியம்மாவின் முறம் நின்றுவிட்டது.

உனாவுக்கு வாசு இரண்டு கையையும் தூக்கி "டொம், டொம்" என்றான். உரல் என்பதை அவன் வாயால் சொல்வதைவிட இடித்துக் காட்டுவது வழக்கம், அதற்கும் கடலை கிடைத்தது. ஊவன்னாவைப் பார்த்ததும் விரலை உதறிக்கொண்டு "ஆ!" என்றான்.

வாத்தியாருக்கு ஓர் உற்சாகம் வந்தது. "ஆவன்னா தெரியுதே ஒனக்கு! ஆனா இது ஆவன்னா இல்ல. இதோ பாரு, இதுதான்." ஆவன்னாவை மறுபடி எழுதினார். "எங்க, சொல்லு."

"கம்பிங்."

"இது?" ஊவன்னா.

"ஆ!"

வாத்தியார் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அய்யாவு கூரையைப் பார்த்தார். பிறகு வந்தவை எல்லாம் வேகமாக வந்தன. எனா, எலிக்குத் தீக்குஸ். ஏயன்னா, ஏணிக்குத் தங்கா. ஐயன்னா, பாப்பா. ஒனாவுக்கு வாசு கொஞ்சம் யோசித்தான்.

"கம்பிங் சாக்கிட்."

"என்னது?"

"சீக்கு வந்த ஆடுங்க" என்றாள் வள்ளியம்மா வாசலிலிருந்து, உதவி செய்கிற குரலில்.

ஓவன்னா எழுதியதும் வாசு எழுந்து ஓடினான். இடுப்பில் கயிறு இல்லாததால் நிஜமாகவே ஓடினான். அய்யாவு பாய்ந்து வாசற்படியில் சட்டையைப் பிடித்தார்.

"எங்கடா ஓடுற?"

"அம்மா ஓடுன்னு சொல்லுச்சு!"

"நான் கூரை ஓட்டச் சொன்னேன்டா, பாவி!"

திரும்ப உட்காரவைத்தார்கள். ஔவன்னா எழுதப்பட்டது. வாசு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். மூக்கையும் பிடித்துக்கொண்டான். அந்த அட்டையில் ஔடதம் என்று விளக்கெண்ணெய்ப் புட்டி வரைந்திருந்தது. வாத்தியார் குனிந்து, நிமிர்ந்து, கெஞ்சிப் பார்த்தார். வாசுவின் கண் பிதுங்கிற்றே தவிர வாய் திறக்கவில்லை. கடைசியாக மூன்று புள்ளி வைத்தார். பையன் மூச்சுவிட்டு "அடுப்பு" என்றான்.

வாத்தியார் பலகையைப் பைக்குள் வைத்தார். குடையை எடுத்தார்.

"அய்யாவு, ஒண்ணும் கோவிச்சுக்காதீங்க. வீட்டில ஒரு வருசம் இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா எங்க இருக்கட்டும்?" என்றாள் தனலெட்சுமி.

அவள் வாத்தியார் எதிரில் பேசியது அதுதான் முதல் தடவை. அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை. பொழுது சாயும் நேரம், வெளியே ஷண்டிங் இஞ்சின் ஒரு வேகனை இடித்தது, சன்னல் கம்பியில் கட்டியிருந்த கயிறு ஆடியது.

"அவன் சொன்னதில எது தப்புங்க? சொல்லுங்க. எது?"

"அம்மாவத் தவிர எல்லாம் தப்பும்மா."

"ஆடு தப்பா? இதப் பாருங்க." அட்டைக் கட்டைப் பிரித்துத் தரையில் வைத்தாள், சீட்டுப் போடுகிற மாதிரி. "இது ஆடு இல்லியா? இது எலி இல்லியா? இது இலை. காஞ்சுபோச்சு, ஆனா இலைதான். இந்த ஊசி ரெண்டு தடவ குத்திச்சு, புள்ள ஆன்னுதானே சொல்லும்? வேற என்னா சொல்லும்?"

வாத்தியார் குடையோடு குனிந்தார். பிறகு குடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஊசி அட்டையை எடுத்தபோது அவரும் "ஆ!" என்றார். வாசுவுக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"இது என்னம்மா?"

"ஒட்டகம்."

"இதா ஒட்டகம்?"

"நீங்க பாத்திருக்கீங்களா, சார்?"

வாத்தியார் அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

"அப்பறம் எப்படி இது இல்லேங்கிறீங்க?"

வாத்தியார் அட்டையைக் கீழே வைத்தார். பலகையை மறுபடி வெளியே எடுத்தார். இந்த முறை வரிசையாக எழுதவில்லை. ஏயன்னா எழுதினார், தங்கா. ஆவன்னா எழுதினார், கம்பிங். முதுகைத் திருப்பிக்கொண்டு ஒனா எழுதித் திடீரென்று காட்டினார், கம்பிங் சாக்கிட். பத்துத் தடவை மாற்றி மாற்றிக் கேட்டும் பையன் ஒன்றைச் சொல்லுமிடத்தில் இன்னொன்றைச் சொல்லவில்லை. ஓவன்னாவுக்கு முன்னால் அய்யாவு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வருசம் படிச்ச புள்ளைங்க ஒனாவையும் ஓவன்னாவையும் மாத்திச் சொல்லுதுங்க" என்றார் வாத்தியார். "இவன் ஒரு எழுத்தக்கூட மாத்தல. எல்லாம் தப்பு. ஆனா ஒண்ணும் மாறல."

"அப்ப எடுத்துக்குவீங்களா?"

"ஏம்மா, ஆட்டுக்கு நேரா இந்த எழுத்த ஏன் எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"ஆட்டோட எழுத்துங்க."

"ஆடுன்னு சொல்லு."

"ஆடு."

"மொதல்ல வாய் எப்படிப் போவுது?"

தனலெட்சுமி வாயைத் திறந்தாள். ஆ என்றாள். திறந்த வாயோடு அட்டையைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்து இ என்றாள், எலியைப் பார்த்து எ என்றாள். திரும்பி அய்யாவுவைப் பார்த்தாள்.

"இத ஏன் நீங்க எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதிப்போட்டுட்டுத் தூங்கிட்டீங்க!"

"நான் நடுவில ஒரு நாள் கேட்டேனே. கம்பிங், கம்பிங்னு சத்தம் கேட்டுச்சு. ஆட்ட வெரட்டுறீங்கன்னு நெனச்சேன்."

வள்ளியம்மா முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். முறத்தில் இருந்த அரிசி அத்தனையும் வாசற்படியில் கொட்டியது. அதைக் கண்டு நிஜமாகவே ஓர் ஆடு வந்தது. "ஆவன்னா!" என்றாள் தனலெட்சுமி. "கம்பிங்!" என்றான் வாசு.

வாத்தியார் தன் நோட்டில் வாசு பெயரை எழுதினார். எழுதிவிட்டு, அட்டைக் கட்டைக் கொஞ்ச நாள் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் பாதி கறுப்பாக இல்லை என்றார். தனலெட்சுமி கொடுத்தாள். ஈயன்னாவை மட்டும் நிறுத்தி, விளக்குப் பிறையில் செத்துக் கிடந்த வேறோர் ஈயை எடுத்து, இந்த முறை கஞ்சியைக் கெட்டியாக்கி ஒட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு வாசு பாலனோடு பள்ளிக்கூடம் போனான். இடத்தில் உட்கார்ந்தான். வாத்தியார் ஆவன்னா அட்டையைக் காட்டினார். வாசு கம்பிங் என்றான். அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கம்பிங் என்றார்கள். பத்து மணிக்கு முப்பத்திரண்டு பிள்ளைகளும் கம்பிங் என்றார்கள். ஓவன்னாவுக்கு நான்கு பேர் வாசல் வரை போனார்கள். பதினொரு மணிக்கு வாத்தியார் அட்டையிலிருந்து ஊசியைப் பிடுங்கிச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். மழை பெய்யவில்லை. தனலெட்சுமி சன்னல் கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள், கடைசி முடிச்சு வராததால் கத்தியால் அறுத்தாள். மிச்சக் கயிற்றைக் கொல்லையில் கட்டி நான்கு சட்டையும் ஒரு புடவையும் காயப்போட்டாள். இரண்டு சரக்கு வண்டிகள் போயின. பன்னிரண்டே காலுக்கு வாசு வந்து சோறு கேட்டான்.