சர்வீஸைத் தள்ளிப்போடாத குணசீலன்

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களில் சிலர் சர்வீஸ் என்று வந்தால் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். குணசீலனுக்கு அந்தப் பழக்கம் அடிபட்டு வந்தது. துளையிடும் ராடைத் தூக்கும் இரும்பு ரோப் தேய்ந்திருந்தது. அதை அடுத்த ஊரில் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலாளி தள்ளிப்போட, சத்தீஸ்கரில் போர் போடும்போது அது அறுந்து, ராடு அவன் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "விதியப்பா" என்று முதலாளி ஒரு பை ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார். ஊரும் விதி என்றது. குணசீலன் வாயே திறக்கவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனை எழுப்பி உட்கார வைத்தது ஒரு கணினி விளையாட்டு. லாரி ஓட்டுவதுதான் விளையாட்டே. மனைவி மலர்விழி தறிப்பட்டறைச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாள். மிதிக்கக் கால் வேண்டுமே? சிநேகிதன் தமீம் லேத் பட்டறைக்காரன். பழைய ரிக்கில் கழற்றிய லீவர் இரண்டை மேசையில் பூட்டி, ஒன்றை ஆக்சிலேட்டராகவும் இன்னொன்றைப் பிரேக்காகவும் ஆக்கித் தந்தான்.

அன்றிலிருந்து குணசீலன் 'டூட்டிக்கு'ப் போனான். சவரம் செய்துகொண்டான். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மலைப்பாதையில் லாரியை இறக்கும்போது அவன் பல்லைக் கடிப்பதைப் பார்த்து மலர்விழி வெகுகாலம் கழித்துச் சிரித்தாள்.

ஒரு காலையில் திரையில் அறிவிப்பு வந்தது: புதிய பதிப்பு தயார், ஒப்புக்கொள்கிறீர்களா? இதுவும் சர்வீஸ் அல்லவா, தள்ளிப்போடலாமா? படிக்காமலே அமுக்கினான்.

லீவரை இழுத்தான். லாரி அசையவில்லை. இனி நிறுவனமே விற்கும் ஸ்டீயரிங்கும் கால்மிதியும்தான் வேலை செய்யும் என்றது திரை. பழையதற்குத் திரும்ப வழியே இல்லை. தமீம் வயரை மாற்றி மாற்றிப் பார்த்துத் தோற்றான். புகார் எழுதியதற்கு நிறுவனத்தின் பதில் வந்தது: நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே, மாற்றத்துக்கு நீங்களே ஒப்புதல் தந்தீர்கள்.

விற்கும்போது 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைத்தவன், பிடுங்கும்போது 'அனுமதி' என்கிறான். வழிப்பறிக்காரனுக்குக்கூட இவ்வளவு நாசூக்கு வராது.

குணசீலன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தாடி வளர்ந்தது. சோறு தட்டிலேயே காய்ந்தது.

"ஏனுங்க, மலைக்கோயிலுக்கு வேண்டிக்கலாங்களா?" என்று கேட்டாள் மலர்விழி.

"எதுக்கு? சாமியா வந்து அப்டேட் போட்டுச்சு?"

"அப்பறம் ஏனுங்க இப்பிடிக் கெடக்கறீங்க?"

"நானே அமுக்கினேன் மலரு. என்ற கையாலயே."

வாசலில் நின்ற தமீம் கொதித்துப்போனான். "ஏன் மாப்ள, நான் ஒருத்தனுக்குப் பல்சக்கரம் கடைஞ்சு விக்கறேன். அடுத்த மாசம் அவன் பட்டறைக்குள்ள பூந்து அத்தனை பல்லையும் தேச்சுப்போட்டு வாரேன். சும்மா உடுவானா?"

"உன்ற பல்லுதான் கொட்டும்."

"அப்ப இவனை மட்டும் ஏன் உடோணும்?"

நாமக்கல் வக்கீல் ஒருவரைத் தமீம் போனில் பிடித்து, குணசீலனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். வக்கீல் முதலில் சிரித்தார். "விளையாட்டுக்கெல்லாம் கேஸாங்க?" முழுக்கக் கேட்டபின் சிரிப்பு நின்றது. "நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம். நீங்கதான ஒப்புக்கிட்டீங்கன்னு அவன் வாதாடுவான். வருசக்கணக்குல இழுக்கலாம். ஜெயிப்பீங்கன்னு நான் சொல்லமாட்டேனுங்க."

குணசீலன் கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"அன்னைக்கு ரோப்பு அறுந்தப்ப விதின்னாங்க. நானும் கம்முனு இருந்துட்டேன். ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேக்கல. இதுவும் ஆள் பண்ணுன வேலைதானுங்க. ஆளைத்தான் கேக்கோணும். எழுதுங்க சார்."

மனு போயிற்று. லாரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"மேசைல இது சும்மா எடத்த அடைக்குது மாப்ள. கழட்டிப் பட்டறைல வெக்கட்டுமா?" என்று ஸ்பேனரோடு வந்தான் தமீம்.

குணசீலன் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "தொடாத. விசாரணைல இதைத்தான் காட்டோணும்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவ?"

அணைந்த திரைக்கு முன்னால் குணசீலனின் கை லீவரை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிக்கொண்டே இருந்தது. மலர்விழி வைத்த சோறு பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.